இரு மாடிகளுக்கு இடையே ஒரு கம்பியில்லாப் பாலம்

பாலம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பாம்பன். அங்கே தூண் உண்டு, இரும்பு உண்டு, பழுது எங்கே என்று கண்ணால் காணலாம். இரு வீடுகளின் வைஃபை கட்டமைப்புகளை இணைக்கும் கம்பியில்லாப் பாலத்துக்கோ தூணும் இல்லை, இரும்பும் இல்லை. அது பழுதுபட்டால் எங்கே கை வைப்பது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பௌதிகம் பயிலாத நண்பர்களும் தொடர்ந்து வரும் வண்ணம் எழுத முயல்கிறேன்.

பெங்களூர் மத்திகெரேயில் நாங்கள் நால்வர் வாடகைக்கு இருக்கும் வீட்டில் கண்ணாடியிழை இணைப்பு உண்டு. அங்கிருந்து 300 மீட்டர் தொலைவில், கட்டட வேலைக்கு வந்த தருமபுரி, திருவண்ணாமலைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கும் வீடு இருக்கிறது. அங்குள்ள இணைப்பு மிக மெல்லியது. சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் இரவு 7 மணிக்குத் திரையில் தோன்றிப் பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்துகிறார். இணைப்பு நிறுவனத்தின் இசைவைப் பெற்று, இரு மாடிகளிலும் ஆன்டெனா நிறுவினோம். பத்து நாள் ஒழுங்காக நடந்தது. பிறகு இணைப்பு அடிக்கடி அறுந்தது. பத்து நிமிடம் திரை இருண்டால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து விடுகிறார்கள். பரீட்சையோ காத்திருக்காது.

“இன்னும் சக்தி வாய்ந்த கருவி வாங்குங்கள்” என்றார் கடைக்காரர். நோயறியாமல் மருந்து வாங்குவது போன்றது அது. முதலில் நோயை அறிய வேண்டும்.

அதற்கு எளிய கருவி பிங் என்னும் கட்டளை. ஒரு சிறு செய்தியை அனுப்பி, “இருக்கிறாயா?” என்று கேட்பதே அதன் வேலை. எங்கள் மடிக்கணினியிலிருந்து நான்கு படிகளாகக் கேட்டோம்: எங்கள் ரவுட்டர், எங்கள் மாடிக் கருவி, எதிர் மாடிக் கருவி, எதிர் வீட்டு ரவுட்டர். எந்தப் படியில் விடை நிற்கிறதோ, அதற்கும் அதன் முந்தைய படிக்கும் இடையில்தான் பழுது. ஏழு இரவுகள் இதனை நேரத்தோடு குறித்து வைத்தோம். குறிப்பைப் பார்த்தபோது, ஒரே நோய் என்று எண்ணியது மூன்று நோய்களாகப் பிரிந்தது.

முதலாவது, முகவரிக் குழப்பம். இரு ரவுட்டர்களும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு கடையிலிருந்து வந்தவை. இரண்டும் வருகின்ற கருவிகளுக்கெல்லாம் முகவரி வழங்கிக்கொண்டிருந்தன. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? எதிர் வீட்டு ரவுட்டருக்கு 192.168.1.2 என்று பெயர் மாற்றி, முகவரி வழங்கும் வேலையை ஒரு ரவுட்டரிடம் மட்டும் விட்டோம். அலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆயினும் பழி அலையின் மேல்தான் விழுந்திருந்தது.

இரண்டாவது, மின்சாரம். சில இரவுகளில் எதிர் மாடிக் கருவி இரண்டு நிமிடம் முற்றாக மௌனமாகி, பிறகு தானே எழுந்தது. கருவியின் பக்கத்தைத் திறந்தால், அது எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்று காட்டும். காலையில் ஏற்றிய கருவி மாலையில் “5 நிமிடம்” என்று காட்டினால் பொருள் என்ன? இடையில் அணைந்து எழுந்திருக்கிறது. மாலையில் அத்தெருவில் மின்னழுத்தம் தாழும்போதெல்லாம் இது நேர்ந்தது. சிறு யு.பி.எஸ். ஒன்றை வைத்ததும் நின்றது.

இங்கே தமிழ்நாட்டின் அனுபவம் ஒன்றைக் கூற வேண்டும். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புற ஊர்களின் கண் மையங்களோடு, கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைஃபை அலையால் இணைத்தனர். ஊரிலிருக்கும் நோயாளியை மருத்துவர் திரையில் கண்டு பேச அது வழி செய்தது. சில இணைப்புகள் 10 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டவை. 2008-இல் வெளியிட்ட ஆய்வுரையில், கருவிகள் பழுதானதற்குப் பெருங்காரணம் தரமற்ற மின்சாரமே என்று அவர்கள் எழுதினர். வானத்தைச் சந்தேகிப்பதற்கு முன் சுவரிலுள்ள பிளக்கைச் சந்தேகிக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

மூன்றாவதுதான் உண்மையில் அலையின் நோய். மழை பெய்த இரவுகளில் இணைப்பு அறவே அறவில்லை. செய்திகள் பாதி தொலைந்தன. நாங்கள் பயன்படுத்துவது 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை. 300 மீட்டரைக் கடப்பதில் அதற்கு ஏறத்தாழ 97 டெசிபெல் இழப்பு. கருவியின் சக்தி 20. ஆன்டெனா ஒவ்வொன்றும் தருவது 14. கூட்டிக் கழித்தால் எதிர் முனையில் −49 வர வேண்டும். வந்ததோ −68. அதாவது 19 டெசிபெல் குறைவு. வர வேண்டியதில் ஏறத்தாழ 80-இல் ஒரு பங்கே வந்து சேர்ந்தது.

மழைத்துளியா காரணம்? இல்லை. இவ்வளவு குறுகிய தொலைவில் இவ்வலையை மழை தடுப்பது மிகச் சொற்பம். இடையில் நின்றது ஒரு தூங்குமூஞ்சி மரம். கோடைமழைக்குப் பின் அது தழைத்தது. நனைந்த இலைகள் அலையை விழுங்கின. “ஆன்டெனாவிலிருந்து பார்த்தால் எதிர் மாடி தெரிகிறதே” என்றார் ஒரு நண்பர். தெரிந்தால் போதாது. அலை நூல் போலச் செல்வதில்லை. நடுவில் பருத்த கதிர் போலச் செல்கிறது. அலைநீளத்தையும் தொலைவையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, பாதியாக்கினால் நடுப்பகுதியின் ஆரம் கிடைக்கும். அலைநீளம் 0.052 மீட்டர், தொலைவு 300 மீட்டர். ஆரம் ஏறத்தாழ 2 மீட்டர். இதில் 60 விழுக்காடாவது, அதாவது 1.2 மீட்டராவது, தடையின்றி இருக்க வேண்டும்.

மரத்தை வெட்டலாமே என்றார் மற்றொருவர். கருநாடகத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி மரம் வெட்டுதல் குற்றம். சட்டம் இல்லாவிடினும், பல்லாண்டு நிழல் தந்த மரத்தைப் பத்து மெகாபிட்டுக்காக வெட்டுவது அறிவியலுக்கு அழகன்று. மரம் ஏறத்தாழ நடுவழியில் இருந்தது. எனவே ஒரு முனையை 6 மீட்டர் நகர்த்தினால் அவ்விடத்தில் பாதை 3 மீட்டர் விலகும். ஆன்டெனாவை மாடியின் மறு மூலைக்கு மாற்றினோம். அளவு −52 ஆயிற்று. அடுத்த மழையிலும் அசையவில்லை. புதுக் கருவிக்கென்று ஒதுக்கிய பணம் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளுக்குப் போயிற்று.

நண்பர்களே! உங்கள் விடுதியிலோ வீட்டிலோ இத்தகைய இணைப்பு தடுமாறினால் இவ்வரிசையில் பாருங்கள்: மின்சாரம், கம்பியும் இணைப்பு முனைகளும், முகவரி, பிறகு அலையின் பாதை. அண்டை வீட்டு வைஃபைகள் நெருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் வரிசையைக் கடைப்பிடித்தபின் அலைவரிசையையும் மாற்றிப் பாருங்கள். ஒரு வேளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதையும் விளைந்ததையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால், இணைப்பு சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி கெட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.