40 கிலோஹெர்ட்ஸ் ஹெட்போன் தேவையா?

சிறுசேரி சிப்காட்டிலிருந்து தாம்பரம் வரை கம்பெனி பஸ்ஸில் பாட்டுக் கேட்டபடியே வருகிறவரா? பெட்டியில் ‘40 கிலோஹெர்ட்ஸ்’ என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறக்குறைய 20 வரைதான். வயது ஏற ஏற அதுவும் குறையும். 1982-இல் வந்த சிடியே 22 வரை பதிந்துவிடும். அதற்கு மேலே உள்ளது வௌவாலுக்கு! சில ஆம்ப்ளிஃபயர்களில் அந்த மீயொலி, கேட்கும் ஒலியையும் கெடுக்கும்.

இயர்பட்ஸ் ரப்பர் காதில் இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் மிருதங்கத்தின் தொப்பி நாதமே காணாமல் போகும். வெளிச்சத்தம் அடக்கும் வசதிக்குச் செலவழிக்கலாம். பஸ் இரைச்சலோடு போட்டியிட்டு வால்யூமைக் கூட்ட வேண்டியிராது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு: 80 டெசிபல், வாரம் 40 மணி நேரம்.