வெப்பம் காட்டும் விசிறி

அடுப்பில் எரியும் தீ அளவோடு நின்றால் அரிசி சோறாகின்றது. அளவு கடந்தால் அச்சோறே கரியாகின்றது. உழைக்கும் பொருள் எதுவாயினும் அதனிடத்து வெப்பம் தோன்றுதல் இயல்பு. அவ்வெப்பத்தின் அளவறிந்து அதனைப் போக்குதல் அறிவுடையார் செயல். உயிரற்ற கணிப்பொறிக்கும் இஃது ஒக்கும்.

1946-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவான எனியாக் என்னும் கணிப்பொறி உலகிற்கு அறிமுகம் செய்யப்பெற்றது. அதன்கண் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது கொண்ட மின்னாற்றல் ஏறத்தாழ 150 கிலோவாட். அவ்வாற்றல் இறுதியில் வெப்பமாகவே மாறிற்று. ஆதலின், காற்றூதிகள் பல அமைத்து அதனைக் குளிர்விக்க வேண்டியதாயிற்று.

இக்காலக் கணிப்பொறி மேசையருகே வைக்கத்தக்க சிறு பெட்டியாய்ச் சுருங்கிவிட்டது. எனினும், வெப்பம் அதனை விட்டு நீங்கவில்லை. பெட்டியினுள்ளே மூளைபோல் விளங்குவது செயலி. அதன் சிறிய சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நெருங்கி அமைந்துள்ளன. அவை வேலை செய்யுங்கால் எழும் வெப்பம், செயலியின்மேல் பொருத்தப்பட்ட செம்பு அல்லது அலுமினியத் தகடுகளிற் பரவுகின்றது. அங்கிருந்து காற்று அதனை ஏற்றுக்கொள்கின்றது. பெட்டியின் முன்புற விசிறி குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்க, பின்புற விசிறி வெப்பக் காற்றை வெளியே தள்ளுகின்றது.

இவ்விசிறிகளுட் சில, வெப்பநிலையை எண்ணாற் காட்டும் திறமும் உடையன. அவற்றில் தெர்மிஸ்டர் என்னும் சிற்றுறுப்பு உண்டு. வெப்பம் மிகுந்தோறும் அதன் மின்தடை குறையும். அம்மாறுதலை அளந்து வெப்பநிலையைக் கணித்து, மின்சுற்று அதனை ஒளியெண்ணாற் காட்டுகின்றது. சில விசிறிகளின் இதழிலேயே ஒளிப்புள்ளிகள் பதிக்கப்பட்டிருக்கும். சுழற்றும் கொள்ளியின் நுனி வட்டமாகத் தோன்றுதல் போல, சுழலும் அப்புள்ளிகள் எண்களாகத் தோன்றும். காண்பார்க்கு அது வியப்பைத் தரும்.

ஆயினும், அவ்வெண் எவ்விடத்து வெப்பத்தைக் குறிக்கின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். ஒரு மாணவனுடைய கணிப்பொறியின் விசிறி 35 பாகை செல்சியஸ் எனக் காட்டுகின்றது என்று கொள்வோம். கவலையில்லை என்று அவன் கருதுகின்றான். சின்னாளில் பொறியின் விரைவு குறைகின்றது. ஒருநாள், எழுதிய கட்டுரையைச் சேமிக்கு முன்னரே அது நின்றுவிடுகின்றது. விசிறி பொய் கூறிற்றோ? இல்லை. தன்னைத் தொட்டுச் சென்ற காற்றின் வெப்பத்தையே அது கூறிற்று. செயலியின் தகடுகளிடையே புழுதி அடைத்துக்கொண்டமையால், வெப்பம் காற்றில் எளிதிற் கலவாது செயலியிலேயே தங்கிற்று. செயலிகள் பலவும் 100 பாகையை அணுகுங்கால் தம் விரைவைத் தாமே குறைத்துக்கொள்ளும். வெப்பம் மேலும் ஏறின், பொறி நின்றுவிடும். நோயாளியின் வீட்டு வாயிலில் நின்றவாறே அவன் உடற்சூட்டை அறிய முயல்வான் ஒருவனை ஒத்தான் அம்மாணவன்.

செயலியின் உள்ளேயும் வெப்பம் அறியும் உறுப்பு உண்டு. அதன் அளவைக் கணிப்பொறித் திரையிற் காணலாம். விசிறி காட்டும் எண்ணும் பயனற்றதன்று. அறையின் வெப்பத்தோடு அதனை ஒப்பிட்டு வந்தால், பெட்டியினுள் காற்றோட்டம் குன்றுதலை ஒருவாறு உய்த்துணரலாம். அப்பொழுது மின்தொடர்பை நீக்கி, விசிறியின் இதழ்கள் சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, புழுதியை அகற்றுதல் வேண்டும்.

கருவி, தான் நிற்கும் இடத்து உண்மையையே உரைக்கும். அவ்விடம் யாது என உசாவி அறிதல் மாந்தர் கடமை. எண்ணைக் கண்ட அளவில் அமைதியுறாது, அதன் பொருளையும் தேர்ந்து தெளிவதே கல்வியின் பயனாகும்.