ஒப்புதல் கடிதம்

வயது வந்ததும் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது வழக்கம். அதற்காக எந்தத் தாயும் இரவெல்லாம் விழித்திருந்து யோசிப்பதில்லை. ஆனால் 2021 அக்டோபரில் கேரளப் பெற்றோர் பலருக்கு அப்படி யோசிக்க நேர்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் நவம்பர் 1 அன்று திறக்கப்படவிருந்தன. பிள்ளை வகுப்பிற்கு வரப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் தேவை. அனுப்ப விரும்பாதோர் வீட்டிலிருந்தே கற்பிக்கலாம்.

பொள்ளாச்சிச் சாலையில், மாநில எல்லைச் சோதனைச்சாவடியை ஒட்டி அமைந்த ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கோவிந்தாபுரம். தமிழ் பேசும் குடும்பங்கள் வாழும் பகுதி அது. மாந்தோப்பிற்கும் தென்னந்தோப்பிற்கும் கூலிவேலைக்குச் செல்வோர் மாலையில்தான் வீடு திரும்புவர். இத்தகைய ஊரில் வீட்டுக் கல்வி என்பதற்கு என்ன பொருள்?

2020 ஜூன் 1 அன்று தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பெல்’ பாடங்கள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் மலையாளத்தில் ஒளிபரப்பாயின. தமிழ்வழி மாணவர்க்கான பாடங்கள் தனியே யூடியூபில் வெளியிடப்பட்டன. ஆகவே தமிழ்க் குழந்தைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் போதவில்லை. இணைய வசதியுள்ள செல்பேசியும் வேண்டியிருந்தது. வீட்டிலுள்ள ஒரே செல்பேசியோ தந்தையின் சட்டைப்பையில் தோப்பிற்குப் போய்விடும். இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலோ, செல்பேசி இருந்தும் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மாணவர்கள் மலைப்பாதையில் நடந்தனர்.

இதனால் அனுப்பத் தயங்கியவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. அப்போது 18 வயதிற்கு உட்பட்டோருக்குத் தடுப்பூசி போடப்படவில்லை. குழந்தைகளை நோய் பெரும்பாலும் கடுமையாகத் தாக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் பள்ளியிலிருந்து திரும்பும் பேரன் நேரே ஓடுவது பாட்டியின் மடிக்கன்றோ? பாட்டிக்கு நீரிழிவும் மூச்சிரைப்பும் இருக்குமானால் அந்தக் கையெழுத்தை எளிதில் இட்டுவிட முடியாது.

குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்வது வேறு. வீட்டில் கற்பிப்பது வேறு. பின்னதற்கு நாள்தோறும் ஒருவர் உடன் அமர வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் காதால் கேட்டுத் திருத்த வேண்டும். அதற்கு ஆள் இருந்த வீடுகள் சில காலம் பொறுத்திருந்ததில் தவறில்லை. ஆள் இல்லாத வீட்டில் குழந்தை இழந்தது பாடத்தை மட்டுமன்று. நண்பர்களையும் மதிய உணவையும், பிறரோடு முறைவைத்துப் பேசும் பழக்கத்தையும் இழந்தது. நவம்பரில் வந்த இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் பலர் தங்கள் வகுப்பறையை முதன்முதலாகக் கண்டது அன்றுதான்!

இரவீந்திரநாத் தாகூர் இளமையில் பள்ளியை வெறுத்து, பெரும்பாலும் வீட்டிலேயே ஆசிரியர்களிடம் கற்றவர். அவ்வாறு கற்பிக்க வசதியுள்ள குடும்பம் அது. அவரே பின்னாளில், 1901-இல், சாந்திநிகேதனத்தில் ஐந்து மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கி, மரநிழலில் வகுப்புகள் நடத்தச் செய்தார். அவர் விலக்கியது நான்கு சுவர்களை. கூடிக் கற்பதை அன்று. காற்றோட்டமுள்ள இடத்தில் தொற்றின் ஆபத்து குறையும் என்பதால், நோய்க்காலத்திலும் அந்த மரநிழல் எண்ணத்தக்கதே.

கேரள அரசும் ஓர் இடைவழியை வகுத்தது. மாணவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து வந்தனர். வகுப்புகள் நண்பகல் வரை மட்டுமே நடைபெற்றன. நலிந்த பாட்டி இருந்த வீட்டிலும், பேரன் வந்தவுடன் கைகால் கழுவி உடை மாற்றிச் சில நாள் தள்ளியிருக்கப் பழகினால், அனுப்புவது இயலாததன்று.

ஒருமுறை எடுத்த முடிவும் நிலைக்கவில்லை. ஒமிக்ரான் பரவியதால் 2022 ஜனவரி 21 முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மீண்டும் இணையவழிக்கு மாறிற்று. பெற்றோர் மறுபடியும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியதாயிற்று. பிப்ரவரி 21 அன்றுதான் எல்லாக் குழந்தைகளும் முழுநாளும் வகுப்பில் அமர்ந்தனர்.