துப்பாக்கி ஒரு பட்டியலில், பன்றி வேறொரு பட்டியலில்

கேள்வி: ஐயா, எனக்குக் கம்பைநல்லூர் பக்கம் நாலு ஏக்கர் நிலம் இருக்கிறது. கடலையும் மரவள்ளியும் போடுகிறேன். காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கினால் ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுதுபோட்டுவிடுகிறது. அப்பா பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் பெற்ற ஒற்றைக் குழல் மருந்துத் துப்பாக்கி இருந்தது. அவர் காலமானதும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம். என் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனு போட்டேன். 'காவல்துறை பரிந்துரைக்கவில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது' என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. விவசாயிகளுக்குத் துப்பாக்கி உரிமை தரச் சட்டசபையில் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் ஆர்ப்பாட்டம் நடத்தப்போகிறார்கள். அமெரிக்காவில் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டாமே? இதற்கு நடுவில் மச்சான் வேறு, 'எதற்கு இந்த அலைச்சல், நாட்டுத் துப்பாக்கி ஒன்று பார்த்துத் தருகிறேன்' என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மச்சானிடம் இன்றைக்கே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் அப்பா வைத்திருந்ததும் மச்சான் வாங்கித் தரப்போவதும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டிலும் குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, பால்ரஸைப் போட்டு, கம்பியால் இடித்துத்தான் நிரப்புவார்கள். வித்தியாசம் ஒரு காகிதம்தான். அந்தக் காகிதம் இல்லாமல் வைத்திருந்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு பாயும். முன்பு குறைந்தபட்சம் ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை என்று இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டு முதல் ஐந்தாண்டு, கூடவே அபராதம். சுட்டிருக்கவே வேண்டாம், பரணில் சாக்குக்குள் சுற்றி வைத்திருந்தாலே போதும். மருந்தை வீட்டில் வைத்திருப்பது தனி ஆபத்து. 2025 பிப்ரவரியில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பட்டாசுக் கிடங்கு வெடித்து மூன்று பெண்கள் இறந்தார்கள். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்து, அமெரிக்கா. அங்கே 1791-இல் சேர்த்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை அரசியலமைப்பு உரிமையாக்கியது. அதோடு மாநிலத்துக்கு மாநிலம் துப்பாக்கிச் சட்டம் வேறு. ஆகவே மாநில அளவில் சங்கம் வைத்துப் போராடுவதில் அர்த்தம் உண்டு. நியூயார்க் மாநில ரைபிள், பிஸ்டல் சங்கம் வழக்குப் போட்டு, நூறாண்டுக்கு மேல் அமலில் இருந்த அந்த மாநில லைசென்ஸ் நிபந்தனை ஒன்றை 2022-இல் உச்ச நீதிமன்றத்திலேயே உடைத்தது. நம் நாட்டில் அந்த அடித்தளமே கிடையாது. அமெரிக்காவில் இருப்பதுபோன்ற அடிப்படை உரிமை இங்கே யாருக்கும் தரப்படவில்லை என்று 2023 பிப்ரவரியில், உரிமமில்லாத துப்பாக்கிகள் பற்றிய வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே துப்பாக்கி என்பது அரசு தரும் அனுமதி, அவ்வளவுதான்.

சங்கத்தார் தட்டப்போகும் கதவும் தவறான கதவு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஆயுதமும் வெடிபொருளும் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. சென்னையில் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் அது டெல்லிக்கு எழுதும் கோரிக்கைக் கடிதம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பக்கத்து மாநிலத்துக் குடகில் கொடவர்களும் ஜம்மா எனும் பரம்பரை நில உரிமை பெற்றவர்களும் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கிறார்களே என்று யாராவது கேட்பார்கள். அந்த விலக்கையும் கர்நாடக அரசு கொடுக்கவில்லை. ஆயுதச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி மத்திய அரசு கொடுத்தது. அது 2029 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கை கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அதற்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடரும் வழக்கம் இருக்கிறது. கம்பைநல்லூருக்கு அப்படி ஒரு வரலாற்றைக் காட்ட நம்மால் முடியாது.

போராடினால் எதுவும் நடக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. 2019 திருத்த மசோதா, ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்த வரம்பை ஒன்றாகக் குறைக்கச் சொன்னது. துப்பாக்கி வைத்திருப்போரும் துப்பாக்கி சுடும் வீரர்களும் எதிர்ப்புக் கிளப்பினார்கள். கடைசியில் சட்டமானபோது வரம்பு இரண்டு என்று ஆகியிருந்தது. அவர்கள் தட்டியது சரியான கதவு.

உங்கள் சங்கத்துக்குச் சரியான கதவு எது? துப்பாக்கி மத்தியப் பட்டியலில் இருந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. பன்றி விஷயத்தில் மாநிலத்துக்கு வாய் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, பயிருக்குக் கேடு செய்யும் இரண்டாம் அட்டவணை விலங்கைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் கொடுத்தவருக்கும் தருகிறது. காட்டுப்பன்றி அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. இதை வைத்துத்தான் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாடு செய்தது. காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. கேரளத்தில் 2022-லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்து, லைசென்ஸ் வைத்திருப்பவர்களைப் பட்டியலிட்டுச் சுட வைத்தார்கள். அதே ஏற்பாட்டை இங்கே கேளுங்கள். அதைச் சென்னையிலேயே செய்ய முடியும். தனிப்பட்ட முறையில் எனக்கு அதில் தயக்கம் உண்டு. ராத்திரித் தண்ணீர் பாய்ச்ச ஆள் போய்வரும் வயலில் பால்ரஸ் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கோரிக்கை சட்டப்படி நிற்கும்.

இனி உங்கள் லைசென்ஸ். இதில் சட்டம் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் பக்கம் இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13(3) பிரிவை எடுத்துப் படியுங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக ஒருவர் வாய்வழி மருந்திடும் துப்பாக்கி கேட்டால், அதிகாரி உரிமம் வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. 'வழங்கலாம்' என்றில்லை. மறுக்க வேண்டுமானால் 14-ஆவது பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும்: தடை செய்யப்பட்டவர், மனநலம் சரியில்லாதவர், பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ கேடு, இப்படி. சொத்து போதாது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்கக் கூடாது என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. நாலு ஏக்கர்தானே என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் இதைக் காட்டுங்கள். ஸ்டேஷன் தருவது அறிக்கை மட்டும். முடிவெடுக்க வேண்டியவர் கலெக்டர். அறிக்கை கெடுவுக்குள் வரவில்லையென்றால் அதற்குக் காத்திராமலே அவர் உத்தரவு போடலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, 'பரிந்துரைக்கவில்லை' என்ற ஒற்றை வரி உத்தரவு மேல்முறையீட்டில் நிற்பது கஷ்டம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 14(3)-இன்படி, பொதுநலன் கருதி மறைத்தால் ஒழிய, தந்தாக வேண்டும்.

லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசுக்கு வழங்க 2016 ஆயுத விதிகளில் தனி விதியே இருக்கிறது. அதற்காக அப்பாவின் துப்பாக்கி தானாக உங்களுக்கு வந்துவிடாது. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை, சிட்டா, அடங்கல், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று எல்லாம் வேண்டும். துப்பாக்கியை ஒப்படைத்ததற்கு ஸ்டேஷனில் ரசீது வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றும் பாருங்கள். 2022-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் தர, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன்சம்மதம் வேண்டும். உங்கள் நிலம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கி மனுவோடு வையுங்கள்.

லைசென்ஸ் கிடைத்த பிறகும் ஒன்றை மறக்காதீர்கள். துப்பாக்கி வைத்திருக்க அனுமதி வேறு, பன்றியைச் சுட அனுமதி வேறு. வெறும் மருந்து போட்டு வெடித்து விரட்டுவதோடு நில்லுங்கள். வனத்துறை உத்தரவில்லாமல் ஒரு பன்றியைச் சுட்டால் மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விழலாம். தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை என்று சட்டம் சொல்வது மனித உயிருக்குத்தான், மரவள்ளிக்கு இல்லை. செத்த பன்றியும் அரசு சொத்து, கறிக்குக் கூறு போட்டால் இன்னொரு வழக்கு. அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைப்பதும் வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுவதும் இதைவிட மோசம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்து, நிலத்துக்காரர் கைதானது உங்களுக்கு நினைவிருக்கும்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம் நடத்துவதற்குப் பதில், உள்ளே மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் நிலுவையில் உள்ள பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் மனுக்களைப் பட்டியலாகக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 13(3)-இன்படி உத்தரவு கேளுங்கள். தேர்தல் வந்தால் எல்லோருடைய துப்பாக்கியையும் மொத்தமாக ஸ்டேஷனில் வாங்கி வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் சேர்த்துக் கேள்வி கேளுங்கள். யாரிடம் வாங்க வேண்டும் என்பதை மாவட்ட ஆய்வுக்குழு ஆளாளுக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல்.

உங்கள் உத்தரவு எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் கெடு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்பார்கள், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். மேல்முறையீட்டிலும் தோற்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். இந்த வாரமே உத்தரவின் நகல், மனு போட்ட ரசீது, அப்பாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு தருமபுரியில் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள்.