காட்டின் ஓரம் எங்கே முடியுது?

ஒரு சதுரம் வரைங்க. பக்கம் 100 மீட்டர், அதாவது 1 ஹெக்டேர். உள்ளே அமேசான் மழைக்காடு, சுற்றிலும் மரம் வெட்டிய மேய்ச்சல் நிலம். உள்ளே இருக்கிற காடு தப்பிச்சிடுச்சா?

பிரேசிலில் மனாஸ் நகருக்கு வடக்கே 1979-ல் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய ஆய்வு கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளாகக் காட்டை விட்டுவிட்டு, வருஷக்கணக்கா அளந்தாங்க.

முதல்ல இயற்பியல். வெயிலின் பெரும்பகுதி உச்சி இலைகளிலேயே நின்றுவிடும்; தரைக்கு வருவது 1–2% வெளிச்சம்தான். இலைகள் நீரை ஆவியாக்கவே நிறைய வெப்பம் செலவாகுது. அதனால் கீழே குளிர்ச்சி, ஈரம், அசையாத காற்று. மரத்தை எடுத்துட்டா அதே வெயில் நேரா மண்ணில் இறங்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. (தெர்மோ பேப்பர் எழுதினவங்க ஸ்டீம் டேபிளை மறந்திருக்க மாட்டீங்க.) காட்டுக்குள் 25 டிகிரி, ஈரப்பதம் 90%னு வெச்சுக்கோங்க. நிறைநிலை ஆவி அழுத்தம் 3.17 கிலோபாஸ்கல், காற்றில் இருப்பது 2.85. பற்றாக்குறை 0.32. அதே காற்றை, ஒரு சொட்டு நீரையும் எடுக்காம, 35 டிகிரிக்குச் சூடாக்குங்க. நிறைநிலை 5.62 ஆகிடும், பற்றாக்குறை 2.77. கிட்டத்தட்ட 9 மடங்கு! இலையிலிருந்து நீரை இழுப்பது இந்தப் பற்றாக்குறைதான்.

இந்தச் சூடான, வறண்ட காற்று காட்டோரத்தில் நின்னுடாது. மனாஸ் துண்டுகளில் சுமார் 60 மீட்டர் உள்ளே வரை அதன் தடம் தெரிஞ்சது. நாம 50-ன்னே எடுத்துக்கலாம். இப்போ சதுரத்துக்கு வாங்க: நடுப்புள்ளியே ஓரத்திலிருந்து 50 மீட்டர்தான். முழுக்க ஓரம், உள்காடுன்னு எதுவுமே இல்லை! 10 ஹெக்டேர் சதுரத்தில் பாதிக்கும் குறைவா மிஞ்சும். 100 ஹெக்டேரில் 81.

காற்று வேகத்தின் பாதிப்பு இன்னும் தூரம் போகுது. ஓரத்திலிருந்து 300 மீட்டருக்குள் பெரிய மரங்கள் உள்காட்டைவிட ஏறத்தாழ மூணு மடங்கு வேகமா செத்துப்போச்சு. சில வருஷத்தில் செக்ரோப்பியா மாதிரி வேகமா வளரும் மரங்கள் ஓரத்தில் திரை கட்டும், உள்ளே வெப்பமும் கொஞ்சம் தணியும். ஆனா விழுந்த பெருமரத்துக்கு அது ஈடாகாது.

சிவில்காரங்களுக்கு ஒரு கேள்வி. காட்டுக்குள் 10 மீட்டர் அகலத்தில் 1 கிலோமீட்டர் சாலை. பேப்பரில் இழப்பு 1 ஹெக்டேர். இரண்டு பக்கமும் 50 மீட்டர் சேர்த்தா 11. உங்க எஸ்டிமேட்ல எந்த எண்ணை எழுதுவீங்க?