முதியோர் கைகளில் காகிதத் தோரணம்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது குடிலுக்கும் ஆலயத்துக்கும் தோரணம் கட்டுவது நம் பள்ளியில் வழக்கம் அல்லவா? சென்ற திருவருகைக் காலத்தில் எங்கள் வகுப்பு மாணவியர் பன்னிருவர், சனிக்கிழமைதோறும் அருட்கன்னியர் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்று, அங்குள்ள பாட்டிமார் தாங்களே செய்யத்தக்க எளிய காகித அலங்காரங்களைக் கற்றுக்கொடுத்தோம். கற்றுக்கொடுத்தோம் என்று எழுதுகிறோமே தவிர, யாருக்கு யார் கற்றுக்கொடுத்தது என்பதைத் தோழியர் இதைப் படித்த பின் சொல்லட்டும்.

வயது முதிர்ந்தவர்க்குக் காகித வேலை பொழுதுபோக்கு மட்டுமே என்று நாங்களும் எண்ணியிருந்தோம். இங்கிலாந்து நாட்டில் மேரி டெலானி என்னும் அம்மையார் 1772ஆம் ஆண்டில், தம் 72ஆம் வயதில், வண்ணக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கரிய தாளில் ஒட்டி மலர் உருவங்கள் செய்யத் தொடங்கினார். பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் மலர்கள்! கண்பார்வை மங்கிய பிறகே நிறுத்தினார். அவை இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பிரான்சு நாட்டு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகி, பின்னர் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமே காலம் கழித்தார். தூரிகை பிடிப்பது அரிதான நாள்களில் வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரியால் வெட்டியே ஓவியம் செய்தார். அவருக்குப் பணிவிடை செய்த இளம்பெண் பின்னாளில் டொமினிக் சபைக் கன்னியானார். அந்த நட்பின் பயனாக, வான்ஸ் என்னும் ஊரில் அச்சபைக் கன்னியருக்காக மத்தீஸ் அமைத்த செபமாலை அன்னை சிற்றாலயம் 1951இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்கு மாதிரியாக இருந்தவை, எண்பதை நெருங்கிய ஒரு முதியவர் வெட்டிய காகிதத் துண்டுகளே.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் பசை. ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் கண்ணாடிபோல் ஆகும்போது இறக்கிவிடலாம். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பவர் உண்டு. அது நஞ்சு. பாட்டிமார் தாளைப் புரட்ட விரலை நாவில் தொட்டுக்கொள்ளும் பழக்கமுள்ளவர்கள் ஆதலால் நாங்கள் அதைச் சேர்க்கவேயில்லை. அளவாகக் காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

அடுத்து, காகிதத்தின் நிறம். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளாகிவிடுகிறது. நீலம், பச்சை, ஊதா ஆகியவற்றைப் பிரித்தறிவது அவர்களுக்குக் கடினம். முதல் வாரம் நாங்கள் ஆசையாக வாங்கிச் சென்ற இளநீலமும் இளம்பச்சையும் அவர்களுக்கு ஒன்றாகவே தோன்றின. மறுவாரம் சிவப்பும் மஞ்சளும் கொண்டுபோனோம். மேசைமேல் கறுப்புத் துணி விரித்தால் தாளின் ஓரம் நன்றாகத் தெரியும். காலை வெளிச்சம் வரும் சன்னல் பக்கமே வேலைக்கு ஏற்ற இடம். கை நடுங்குவோருக்குத் தாள் நகராதிருக்க, ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றிப் பாரமாக வைத்தோம். இந்த ஒரு செங்கல் செய்த உதவியை நாங்கள் பன்னிருவரும் சேர்ந்து செய்யவில்லை!

எல்லாவற்றினும் எளியது சங்கிலித் தோரணம். ஓர் அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் உள்ள பட்டைகள் வேண்டும். ஒரு பட்டையை வளைத்து அரை அங்குலம் மேலேற்றி ஒட்டினால் வளையம். அதனுள் அடுத்ததை நுழைத்து ஒட்ட வேண்டும். பத்தடித் தோரணத்துக்கு ஏறத்தாழ எழுபது வளையம் பிடிக்கும். ஒருவர் பசை தடவ, ஒருவர் வளைக்க, ஒருவர் அழுத்திப் பிடிக்க என்று மூவராக அமர்ந்தால், ஒரு கை மட்டும் இயங்குபவரும் விட்டுப்போக மாட்டார்.

விசிறிப் பூவுக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். பன்னிரண்டு அங்குல நீளம், ஆறு அங்குல அகலம் உள்ள தாளை, நீளத்தின் ஒரு முனையிலிருந்து அரை அங்குலக் கொசுவமாக முன்னும் பின்னும் மடித்துக்கொண்டே போக வேண்டும். முழுவதும் மடிந்தால் ஆறு அங்குலக் குச்சிபோல் நிற்கும். நடுவில் நூலால் இறுக்கிக் கட்டி, இருபுறமும் விரித்து, ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்டினால் வட்டப் பூ. இதில் ஒரு நுட்பம் உண்டு. மரத்துக்கு இருப்பதுபோல் காகிதத்துக்கும் நார் ஓடும் திசை உண்டு. தாளை மெதுவாக இருபக்கமும் வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதில் வளைகிறதோ அதற்கேற்பக் கொசுவம் வைக்க வேண்டும். மாறி மடித்தால் விரல் நோகும், மடிப்பும் உடையும். புடவைக் கொசுவம் வைத்துப் பழகிய விரல்களுக்கு இதை இருமுறை சொல்லத் தேவையிருக்கவில்லை.

கத்தரி பிடிக்க இயலாதவர்க்குக் கிழிப்பு வேலை. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் பெரும்பாலும் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். காரணம் அதே நார்தான். பழைய நாள்காட்டித் தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, அட்டையில் வரைந்த நட்சத்திரத்தின் உள்ளே நெருக்கமாக ஒட்டினால், கிழிந்த வெள்ளை ஓரங்களே ஒரு தனி அழகு. கிரேப் காகிதப் பூவை மட்டும் பரிந்துரைக்க மாட்டோம். வியர்த்த விரலில் அதன் சாயம் இறங்கி, பாட்டிமாரின் வெள்ளைப் புடவைகளையெல்லாம் பாழாக்கி, நாங்கள் சலவைக்குப் பொறுப்பேற்க நேர்ந்தது.

இப்போது எங்கள் தவறுகளைச் சொல்லியாக வேண்டும். முதல் நாள், ஒவ்வொரு வளையம் முடிந்ததும் நாங்கள் கைதட்டினோம். ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்து, “ஏட்டி, நான் முப்பது வருசம் வாத்திச்சியா இருந்தவ. எனக்குக் கைதட்ட வேண்டாம், கத்தரியத் தா” என்றார். எங்களுக்கு முகம் சிவந்தது. அன்றிலிருந்து கைதட்டுவதை விட்டோம்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. அதிகம் பேசாத ஒரு பாட்டி, இரண்டு முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்று தலைகீழாக வைத்து நட்சத்திரம் செய்தார். ஒரு முக்கோணம் கோணலாக ஒட்டிக்கொண்டது. குடிலின் உச்சியில் தொங்கப்போவதாயிற்றே என்று, நாங்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, புதுத் தாளில் அளவெடுத்து வெட்டி, அதே நிறத்தில் ஒன்று செய்தோம். பழையதைக் குப்பையில் போட்டோம். நல்லது செய்ததாகவே எண்ணியிருந்தோம். அடுத்த சனிக்கிழமை அதை அவர் கையில் கொடுத்தபோது, திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது என் நட்சத்திரம் இல்ல” என்று மட்டும் சொல்லி மேசைமேல் வைத்துவிட்டார். அதன்பின் எங்களோடு உட்காரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

இல்லத்து மதரிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டோம். அவர் எங்களைக் கண்டிக்கவில்லை. “குருத்தோலை ஞாயிறன்று இந்த இல்லத்தில் ஓலைச் சிலுவை பின்னுவது யார் என்று தெரியுமா?” என்று கேட்டார். அந்தப் பாட்டிதான்! கடற்கரை ஊரில் பிறந்து, பனையோலையில் பெட்டியும் கிலுக்கும் முடைந்து பிள்ளைகளை வளர்த்தவராம்.

நாங்கள் இருவர் அவர் கட்டிலருகே போய் நின்றோம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கையிலிருந்த காகிதப் பட்டைகளை நீட்டி, “பாட்டி, ஓலைக் கிளி இதுல வருமா?” என்று கேட்டோம். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து, பட்டத்தாளைத் தடவிப் பார்த்து, “இது மெத்து. மடிப்புல கிழிஞ்சிரும். கனமா கொண்டா” என்றார். நாள்காட்டியின் வழவழப்பான தாளை முக்கால் அங்குலப் பட்டைகளாக வெட்டிக் கொடுத்தோம். அந்த நடுங்கும் விரல்கள் பட்டையைச் சுற்றி, நுழைத்து, இழுத்தபோது நடுக்கம் எங்கே போயிற்று என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஐந்தாறு நிமிடத்தில் கிளி. பசையும் இல்லை, நூலும் இல்லை. எங்களில் நால்வர் மூன்று வாரம் முயன்று பழகினோம். நாங்கள் செய்தவற்றை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, சரியில்லாதவற்றைப் பிரித்தே போட்டார். அதை இங்கு எழுத்தில் விளக்க முயன்று தோற்றோம். கற்க விரும்பும் தோழியர் சனிக்கிழமை எங்களோடு வரலாம்.

அவ்வாண்டு இல்லத்துக் குடிலில் பதினேழு கிளிகள் தொங்கின. பெத்லகேமில் கிளி ஏது என்று சிற்றாலயத்தில் ஒருவர் கேட்டாராம். கோணல் நட்சத்திரத்தை அவர் மறுபடி செய்து தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. குடிலின் உச்சியில் வேறொரு பாட்டியின் கிழிப்பு நட்சத்திரம் இருந்தது.

மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்ததும் அலங்காரங்களைக் கழற்றினோம். விசிறிப் பூக்களைத் தட்டையாக மடித்து, ஈரம் படாத தகரப் பெட்டியில், கரப்பான் அண்டாதிருக்கக் காய்ந்த வேப்பிலை இட்டு வைத்தால் மறு ஆண்டுக்கும் ஆகும். ஒவ்வொன்றின் பின்புறமும் செய்தவர் பெயரைப் பென்சிலால் எழுதினோம், எழுதத் தெரிந்தவர்கள் தாங்களே எழுதினார்கள். பெட்டியைப் பள்ளியில் வைப்பதா, இல்லத்தில் வைப்பதா என்று பேச்சு வந்தது. வாத்திச்சிப் பாட்டி அதைத் தம் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.