போனில் டாக்டரைப் பார்க்கிறீர்களா? முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்

அம்மாவின் முழங்கால் வலிக்கு ஒருமுறை செயலி வழியாக மருத்துவரைப் பார்த்தோம். ஐந்து நிமிட சாட், உடனே மருந்துச் சீட்டு. கடைக்காரர் என் போனை வாங்கி, சீட்டின் அடிவரை தள்ளிப் பார்த்தார். "டாக்டர் பேரு இருக்கு, ரெஜிஸ்டர் நம்பர் எங்கம்மா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. அன்று இரவே விதிகளைத் தேடிப் படித்தேன்.

இந்தியாவில் இதற்கென்று இருப்பது 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளோடு அது இணைக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் புதிய நடத்தை விதிகள் வந்தன. அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. அதனால் பழைய விதிகளே தொடர்ந்தன.

பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். சீட்டு, ரசீது, இணையதளம் எல்லாவற்றிலும் அதைக் காட்ட வேண்டியது அவர் கடமை. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டில் எண்ணையும் பெயரையும் தட்டிப் பாருங்கள். டில்லி மருத்துவர் தென்காசி நோயாளியைப் பார்க்கத் தடையில்லை. பதிவு பெற்ற மருத்துவர்களை மட்டுமே சேர்க்க வேண்டிய பொறுப்பு செயலி நிறுவனத்துக்கும் உண்டு. "நாங்கள் இடையில் இருப்பவர்கள்தான்" என்று அது கைகழுவ முடியாது.

பேசத் தொடங்கியதும் பெயர், வயது, முகவரியைச் சரியாகச் சொல்லுங்கள். நீங்களே அழைத்தால் அதுவே சம்மதம். மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ அழைத்தால் உங்கள் சம்மதத்தை வெளிப்படையாகப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். சிறுவர்களுக்குப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

நம்மில் பலர் ஏமாறுவது மருந்து விஷயத்தில்தான். முதல்முறை பார்க்கும் மருத்துவர், குரலிலோ எழுத்திலோ மட்டும் பேசிவிட்டு பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்ற எளிய மருந்துகளுக்கு மேல் எழுத முடியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வீடியோவில் பார்க்க வேண்டும். மார்ஃபின், கோடீன் போன்ற போதைப்பொருள் சட்டப் பட்டியல் மருந்துகளையும் ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளையும் வீடியோவில் பார்த்தாலும் எழுதக்கூடாது. நேரில் பார்த்த அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் மறுபடி பேசினால் அது தொடர் ஆலோசனை. அதில் கொஞ்சம் கூடுதல் இடம் உண்டு. எந்த நேரத்திலும் "நேரில் வந்து காட்டுகிறேன்" என்று நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

திரையில் பதில் சொல்வது இயந்திரமா, மனிதரா என்றும் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு உதவலாம். நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ அதற்கு அனுமதி இல்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் செயலியைத் திறக்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

பேசி முடித்ததும் சாட், சீட்டு, ரசீது மூன்றையும் அன்றே சேமித்துவிடுங்கள். ரசீது கொடுப்பது கட்டாயம். மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று நடத்தை விதி சொல்கிறது.

ஏதாவது தவறு நடந்தால் முதலில் செயலியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்புங்கள். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார், அவர் பதிவு செய்த மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். கட்டணம், சேவைக் குறைபாடு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமே இல்லை. இதற்கெல்லாம் ஆதாரம் நீங்கள் சேமித்த அந்த மூன்றும்தான்.

வீட்டுப் பெரியவர்களின் போனில் உள்ள கடைசி மருந்துச் சீட்டை இன்றே திறந்து பாருங்கள். பதிவு எண் இல்லையென்றால், அடுத்த மாத்திரை வாங்குவதற்கு முன் அந்த மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.